முகிலில் ஒரு முதுசொம்

தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்று வெளியேறிய ஒருவன், கணனி வல்லுநர்க்கென வகுக்கப்பட்ட பரீட்சையொன்றுக்கு எட்டு மாத காலம் இரவிரவாகப் படித்தான் என்றால், அதனை அறிவார்வம் எனச் சிலர் பாராட்டக்கூடும். வேலையற்றவன் செய்த வேலை எனச் சிலர் நகைக்கவுங் கூடும். இரண்டும் பொருந்தா. வேறு ஆளில்லாத காரணத்தினாலேயே அப்பணி என்மேல் விழுந்தது. விழுந்த பின்னர் அதில் ஒரு சுவை பிறந்தது என்பது வேறு கதை.

எங்கள் துறையின் உள்ளறையொன்றில் 312 ஒலிநாடாக்கள் உள்ளன. எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் நாட்டார் வழக்காற்றியலைப் பாடமாக எடுத்த மாணவர்கள், வன்னியிலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் தீவுப் பகுதிகளிலும் அலைந்து திரிந்து பதிவு செய்தவை அவை. தாலாட்டு, ஒப்பாரி, அருவிவெட்டுப் பாடல், பொலிப்பாட்டு, வசந்தன், கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடல் என அவற்றின் வகை விரியும். பாடியோரில் அநேகர் இன்று இல்லை. அவர்கள் பாடிய ஊர்களுட் சில, போரின் பின்னர் பழைய ஊர்களாகவும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் இந்நாடாக்கள் தனியார் நிலையமொன்றிற் கொடுக்கப்பட்டு எண்முறை வடிவுக்கு மாற்றப்பட்டன. அவ்வாறு பிறந்த கோப்புகள் துறையிலுள்ள சேவையகம் ஒன்றிலும், அதன் பிரதி ஒரு வன்றட்டிலும் வைக்கப்பட்டன. வன்றட்டு எங்கே இருந்தது என்று கேட்பீர்களாயின், அதே அறையில், அச்சேவையகத்திலிருந்து நாலடி தூரத்தில் நின்ற இரும்பு அலுமாரியில் என்பதே விடை. அவ்வறையின் கூரை மாரிக்கு ஒழுகும்.

இவற்றை முகிலுக்கு ஏற்றுவதெனத் துறைக் கூட்டத்திலே தீர்மானமாயிற்று. ஏற்றுபவர் அத்தொழிலை முறையாகக் கற்றவராயிருத்தல் வேண்டும் என்று நிதியுதவி வழங்கியோர் விரும்பினர். அவ்வாறுதான் அமேசன் வெப் சேர்விஸஸ் நிறுவனம் நடத்தும் ‘சொலூஷன்ஸ் ஆர்க்கிடெக்ற் அசோசியேற்’ என்னும் சான்றிதழ்ப் பரீட்சைக்கு நான் பெயர் கொடுக்க நேர்ந்தது.

முகில் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழகத்தார் ‘மேகக் கணிமை’ என்பர். நம்மவர் வாயில் ‘முகில்’ எளிதாக வருகிறது. எவ்வாறு சொல்லினும் உவமை பொய்யானது. முகிலைப் போல அது மிதப்பதுமில்லை, கலைவதுமில்லை. அது நிலத்திலே ஊன்றிய கட்டடம். மின்னை விழுங்கும், வெப்பத்தைக் கக்கும், காவலாளர் நிற்கும் பண்டகசாலை. இந்நிறுவனத்துக்கு இலங்கையில் அத்தகைய வலயம் இல்லை. எமக்கு அண்மையிலுள்ளவை 2016இல் மும்பையிலும், 2022இல் ஹைதராபாத்திலும், 2010இல் சிங்கப்பூரிலும் தொடங்கப்பட்டவை. எனவே படுவான்கரைக் கிழவியின் ஒப்பாரியை முகிலில் வைப்பதென்றால், மும்பையிலோ சிங்கப்பூரிலோ பிறர் கட்டிய கட்டடத்தில், பிறர் பொறியில், வாடகைக்கு வைப்பது என்பதே பொருள். இதனைத் தெளிவாக விளங்கிக்கொண்டு தொடங்குவது நன்று.

பாடத்தின் முதலதிகாரத்திலேயே இரு வினாக்கள் வருகின்றன. ஒன்று மீட்புப் புள்ளி இலக்கு: விபத்து நேரின், எவ்வளவு காலத்துத் தரவை இழக்க நீர் உடன்படுவீர்? மற்றது மீட்பு நேர இலக்கு: எவ்வளவு நேரம் சேவையின்றி இருக்க உடன்படுவீர்? இவ்விரண்டுக்கும் எண்ணாலே விடை கூறல் வேண்டும். ஐந்து நிமிடம், நான்கு மணி, ஒரு நாள் எனக் கூறிவிட்டால், அதற்கேற்ற ஏற்பாடும் அதற்கேற்ற செலவும் தாமே வந்து அமைகின்றன. இழப்பை முற்றாக ஒழிப்பேன் என்று யாரும் வாக்களிப்பதில்லை. இழப்புக்கு ஓர் அளவு குறிக்கப்படுகிறது, அவ்வளவே. நேர்மையான கல்வி என எனக்குத் தோன்றிற்று.

அளவு குறிக்காதவிடத்து என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரச முகில் எனப்படும் கட்டமைப்பு கப்பம் கோரும் தீநிரலொன்றின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளாமற் போயின. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் அடங்கும். அக்காலப் பகுதிக்குரிய காப்புப் பிரதி இருக்கவில்லை. நாள்தோறும் இணைப்பில்லாப் பிரதி எடுக்கப்போவதாக அதன் பின்னரே அறிவித்தனர். மீட்புப் புள்ளி இலக்கு என்ற கலைச்சொல்லாற் கூறின், யாரும் முன்கூட்டி எழுதி வையாத ஓர் இலக்கு தானாகவே நூறு நாளாக அமைந்துவிட்டது.

ஆயினும் இக்கேள்வி எங்கள் அலுமாரிக்கு நேரே பொருந்தவில்லை. வங்கிக்கு ஒரு நாட்கணக்கு அழிந்தால், பற்றுச்சீட்டைக் கொண்டும் வாடிக்கையாளரைக் கேட்டும் அதனை ஒருவாறு மீளக் கட்டலாம். பாடியவர் இறந்துபோன பாட்டை எவரைக் கேட்டுக் கட்டுவது? நாட்கணக்காற் குறிக்கவியலாத இழப்பு ஒன்றுண்டு என்பதைப் பாடநூல் சொல்லவில்லை. தமிழ் மாணவனுக்கு இது புதிதன்று. பதிற்றுப்பத்தின் முதற் பத்தும் பத்தாம் பத்தும் நமக்குக் கிடைத்தில. வளையாபதியும் குண்டலகேசியும் உதிரிச் செய்யுள்களாகவே எஞ்சின. ஓலை அழியும் இயல்பினது. உரிய காலத்தில் ஒருவர் அமர்ந்து புத்தேட்டில் எழுதாவிடின் நூல் முடிந்தது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையை அச்சேற்றியபோது செய்தது, இன்றைய வழக்கிற் கூறின், சிதையும் ஊடகத்திலிருந்து நிலைக்கும் ஊடகத்துக்குத் தரவைப் பெயர்த்த செயலேயாம். அவருக்குச் சான்றிதழ் எவரும் வழங்கவில்லை.

மூன்று–இரண்டு–ஒன்று என்னும் விதியை இத்துறையார் வேதவாக்காகக் கொள்வர். பிரதிகள் மூன்று, அவை இருவேறு வகை ஊடகங்களில், அவற்றுள் ஒன்றேனும் வேறிடத்தில். இதைப் படித்தபோது எனக்கு நினைவில் எழுந்தது கணனியன்று, நமது காணி உறுதி. நொத்தாரிசு ஒருவர் உறுதி முடிக்கும்போது, மூலம் உரியவர் கைக்குச் செல்கிறது. ஒரு பிரதி நொத்தாரிசின் கோவையில் இருக்கிறது. இன்னொன்று அடுத்த மாதம் காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படுகிறது. வீடு எரிந்தாலும் பதிவகம் உண்டு. பதிவகம் எரிந்தாலும் நொத்தாரிசு உண்டு. கணனி பிறப்பதற்கு முன்னரே இவ்விதியைச் சட்டமாக்கி வைத்திருந்தனர். ஒரு பரப்புக் காணிக்கு நாம் காட்டிய இந்த அக்கறையை ஏட்டுக்கும் பாட்டுக்கும் காட்டவில்லை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. எரித்தவர் குற்றம் எரித்தவருடையதே, அதில் ஐயமில்லை. ஆனால் வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகள் அக்கட்டடம் ஒன்றிலே இருந்தன என்பதும் உண்மை. அச்சூழலில் நுண்படம் எடுத்து வேறிடத்தில் வைக்கும் வசதி எத்தனை பேருக்கு இருந்தது என்று கேட்டால் அதற்கும் விடை கூறல் அரிது. பின்வந்தோர் பாடம் படித்தனர் எனலாம். 2005இற் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் அப்பாடத்தின் பயன்.

பிரதி வேறு, காப்பு வேறு என்பது அடுத்த பாடம். மாணவர் பலர் இங்கேதான் இடறுவர் என ஆசிரியர் எச்சரித்தார். ஒரு சேவையகத்தில் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும் உடனுக்குடன் இன்னொன்றில் நிகழ்த்துவது பிரதிபலிப்பு. கண்ணாடி முன் நின்று முகத்தில் கரி பூசினால் கண்ணாடியிலுள்ள முகமும் கரியாகும். அவ்வாறே இங்கு ஒரு கோப்பை அழித்தால் அங்கும் அது அழியும். இங்கு தீநிரல் புகுந்தால் அங்கும் அதன் விளைவு சேரும். நேற்றைய நிலையை நேற்றைய நிலையாகவே, எவராலும் திருத்தவியலாதபடி, ஒதுக்கி வைப்பதே காப்பு. அமேசனின் களஞ்சியச் சேவை, தன்னிடம் வைத்த பொருள் ஓராண்டில் அழியாதிருக்கும் உறுதி நூற்றுக்கு 99.999999999 என்னும் அளவினதாக அமைக்கப்பட்டது என்று கூறும். ஒன்பதுகள் பதினொன்று! கோடிப் பொருள்களை வைத்தால் பதினாயிரம் ஆண்டுகளுக்கு ஒன்று போகலாமாம். ஆனால் அக்கணக்கில், உரிமையுடைய ஒருவரின் கை தவறான விசையை அழுத்துவது சேர்க்கப்படவில்லை.

அந்தக் கையின் கதையை இனிச் சொல்லவேண்டும்; இப்பாடம் முழுவதிலும் என்னை மிகவும் பாதித்தது அதுவே. கிற்லாப் என்பது மென்பொருள் எழுதுவோர் தம் நிரல்களை வைத்துப் பேணும் நிறுவனம். 2017 ஜனவரி 31ஆம் நாளிரவு, நெடுநேரம் உழைத்துக் களைத்திருந்த அதன் பொறியியலாளர் ஒருவர், துணைத் தரவுத்தளம் என்று எண்ணி முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புறையை அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 கிகாபைற் போய்விட்டது. பதறவேண்டியதில்லை, காப்பு உண்டு என்று நம்பிப் போய்ப் பார்த்தால், நாள்தோறும் எடுக்கப்படவேண்டிய காப்பு நெடுநாளாக எடுக்கப்பட்டிருக்கவில்லை. காப்பெடுக்கும் கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாமையால் அது ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதை அறிவிக்கும் மின்னஞ்சல்களோ உரியவரைச் சேராமலே தடுக்கப்பட்டன. ஏனைய வழிகளும் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. ஐந்து ஏற்பாடுகள் இருந்தும் ஒன்றும் உரியபடி உதவவில்லை என அவர்களே பின்னர் எழுதினர். ஆறு மணி நேரத்துக்கு முன்னர், வேறொரு தேவைக்காகத் தற்செயலாக எடுத்த பிரதியொன்றாலேயே நிறுவனம் பிழைத்தது. அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்.

இதில் வியப்புக்குரியது விபத்தன்று, அதன்பின் அவர்கள் நடந்துகொண்ட முறை. மீட்பு முயற்சியை உலகம் காண நேரலையில் ஒளிபரப்பினர். நடந்தவற்றை ஒளிவின்றி எழுதி வெளியிட்டனர். அப்பொறியியலாளரின் பெயரைச் சந்திக்கு இழுக்கவுமில்லை. நமது அலுவலகங்களில் இவ்வாறு ஒன்று நேர்ந்திருப்பின், முதலில் விசாரணைக் குழு ஒன்று அமையும். பின்னர் அதன் அறிக்கையே காணாமற் போகும்.

மீட்டெடுத்துப் பாராத காப்பு காப்பேயன்று என்னும் உண்மை இதனால் எனக்கு விளங்கிற்று. இதனைச் சான்றிதழ்ப் பாடமும் ஓரிடத்திற் கூறுகிறது. ஆனால் பல விடயங்களுள் ஒரு விடயமாக, போகிறபோக்கில்.

மீட்பு வழிகளை அப்பாடம் நான்காக வகுக்கிறது. காப்பை எடுத்து வைத்து வேண்டியபோது மீட்பது முதல்வழி; மலிவானது, மெதுவானது. இறுதிவழி, ஈரிடத்திலும் சேவையை எப்போதும் இயக்கி வைத்திருப்பது, விரைவானது, செல்வர்க்குரியது. இடைநின்ற இரண்டில் ஒன்றுக்கு எரிவாயு அடுப்பிலுள்ள சிறு சுடரின் பெயரை இட்டிருக்கின்றனர். முழு அடுப்பும் எரியாது. வேண்டும்போது மூட்டுதற்குச் சிறுசுடர் மாத்திரம் எரிந்துகொண்டிருக்கும். அத்தகைய அடுப்பை நான் கண்டதில்லை. எனினும் இரவிலே தணலைச் சாம்பலால் மூடி வைத்து, காலையில் ஊதி எழுப்பும் பெண்களின் வழக்கம் தெரிந்தவனுக்கு அதனை விளங்கிக்கொள்ள ஒரு நிமிடமும் செல்லாது.

பாடநூல் சொல்லும் அனர்த்தங்கள் தீ, வெள்ளம், நிலநடுக்கம், மின்தடை, பகைவர் ஊடுருவல் என்பன. டொலர் அப்பட்டியலில் இல்லை. 2022ஆம் ஆண்டிற் சில மாதங்களுக்குள் ஒரு டொலரின் விலை 200 ரூபாவளவிலிருந்து 360 ரூபாவரை ஏறியதை நாம் கண்டோம். முகிலின் வாடகை டொலரிலேயே கட்டப்படுவது. கட்டணம் நின்றால் கணக்கு நிறுத்தப்படும். நெடுநாள் நின்றால் தரவு அழிக்கப்படும். ஏழை நாட்டின் பல்கலைக்கழகத்துக்கு நிலநடுக்கத்தினும் இதுவே கிட்டிய அனர்த்தம். எனவே எங்கள் திட்ட அறிக்கையில் இடர்களின் வரிசையில் முதலிடத்தை நாணயப் பெறுமதிக்குக் கொடுத்தேன். மதிப்பீட்டாளர் ஒருவர் அதனைப் புன்னகையுடன் அடிக்கோடிட்டார்.

கணக்கே மறைந்துபோதலும் உண்டு. 2024 மே மாதத்தில், ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினரைக் கொண்ட அவுஸ்திரேலிய ஓய்வூதிய நிதியமான யூனிசுப்பரின் முகிற் கணக்கு, கூகிள் தரப்பில் முன்னர் செய்த அமைப்புத் தவறொன்றினால் நீக்கப்பட்டுவிட்டது. இருவேறு புவியிடங்களிற் பிரதி வைத்திருந்தும், இரண்டும் ஒரே கணக்கினுள் இருந்தமையால் இரண்டும் போயின. வேறொரு வழங்குநரிடம் வைத்திருந்த காப்பு மீட்புக்குக் கைகொடுத்தது. இடம் வேறாதல் போதாது, கைகளும் வேறாதல் வேண்டும் போலும். இவ்வசதி இல்லாதார் நிலைக்குத் தென்கொரியாவைப் பார்க்கலாம்: 2025 செப்டெம்பர் 26இல் தேஜோன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில் தீப்பற்றியபோது, அரச ஊழியர் தம் ஆவணங்களை வைத்திருந்த 858 டெராபைற் களஞ்சியம் முற்றாக எரிந்தது. அளவு மிகப் பெரிதென்பதனால் அதற்கு வெளிப்பிரதி எடுக்கப்படவில்லையாம்.

இனி இடப்பெயர்வு. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தரவை எடுத்துச் செல்வதற்குக் கலைச்சொல் அகராதியார் தேர்ந்த சொல் அது. வேறு மொழியில் அச்சொல் எவ்வாறு ஒலிக்குமோ அறியேன். நம் மொழியில், இந்த நாட்டில், அது வெறுஞ் சொல்லாக இருக்க இயலாது. ஒரு நாள் தொலைபேசியில் நண்பரொருவரிடம், “அடுத்த மாதம் இடப்பெயர்வு, அதற்கிடையில் எல்லாம் முடிக்கவேணும்” என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுக்களையிலிருந்து வெளியே வந்த அம்மாவின் முகம் மாறியிருந்தது.

“எங்கை தம்பி, திரும்பவுமோ?”

விளக்கினேன். சிரித்தார், ஆனால் உடனே உள்ளே போகவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஓரிரவுக்குள் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது அவர் கையில் எடுத்துச் சென்றது ஒரு தகரப் பெட்டி. அதில் என்னென்ன இருந்தன என்று அன்றுதான் முறையாகக் கேட்டேன். உறுதிகள் மூன்று, பிறப்புச் சான்றிதழ்கள், விவாகப் பதிவு, அப்பாவின் சேவைக் கடிதம், அவருடைய பரீட்சைச் சான்றிதழ், ஒரு சங்கிலி. எடுக்காது விட்டவை எவை என்று கேட்டதற்கு அவர் நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். நிழற்படக் கோவை, அம்மம்மாவின் கையெழுத்துள்ள பாட்டுக் கொப்பி, தையல் இயந்திரம். தையல் இயந்திரம் பின்னர் வாங்கலாம் என்று தெரிந்ததாம், கொப்பியை மறந்ததாம்.

முகிலுக்குப் பெயர்ப்போருக்கு ஏழு வழிகள் என்று பாடம் கற்பிக்கிறது: உள்ளதை உள்ளபடியே தூக்கிச் செல்லல், சிறிது திருத்திச் செல்லல், முற்றாகப் புதுக்கி அமைத்தல் என அவ்வரிசை போகும். அவற்றுள் இரண்டு பெயராத வழிகள். ஒன்று, இருக்கும் இடத்திலேயே விட்டுவைத்தல்; மற்றது, இனி வேண்டாம் எனக் கழித்துவிடல். பரீட்சையில் இக்கடைசி வழி பலவிடத்தும் சரியான விடையாக வரும். எவரும் திறவாத கோப்புக்கு வாடகை கட்டுவானேன் என்பது நியாயமே.

எங்கள் துறையிலும் இக்கேள்வி எழுந்தது. ஒவ்வொரு நாடாவிலும் பாட்டுக்கு முன்னும் பின்னும் பேச்சு இருக்கிறது. மாணவர் தடுமாறிக் கேட்கும் கேள்விகள், பிள்ளையின் அழுகை, ஆட்டின் குரல், அரிசி விலை, இன்னார் செத்த செய்தி. பேச்சை வெட்டிவிட்டுப் பாட்டை மாத்திரம் ஏற்றினால் கோப்பின் அளவு பாதியாகும் என்றார் பேராசிரியர். நான் மறுத்தேன்.

“நீர் பாட்டை விட்டுப்போட்டுப் பேச்சைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்” என்றார்.

“பேச்சிலைதான் சேர் ஊர் இருக்கு” என்றேன்.

அவர் உடனே பதில் கூறவில்லை. பின்னர் அவர் சொன்னதில், செலவைக் காட்டிலும் ஆழமான காரணமொன்று இருந்தது. அந்நாடாக்களுட் சிலவற்றை மாணவனாயிருந்த காலத்தில் அவரே பதிவு செய்தவர். ஒப்பாரி சொல்ல உட்கார்ந்த பெண்கள், நாடா ஓடுவதை மறந்து, தம் குடும்பத்துத் துயரங்களைப் பெயர் சொல்லிப் பேசியிருக்கின்றனர். “அதை அவை எங்களுக்குத் தரேல்லை. எங்களுக்கு முன்னாலை சொன்னவை, அவ்வளவுதான்.” நான் அழிவை மாத்திரமே அஞ்சியிருந்தேன், அவர் அழியாதிருத்தலை அஞ்சினார். இரண்டு கூட்டங்களின் பின்னர் ஓர் இணக்கம் ஏற்பட்டது. முழு ஒலியும் ஏற்றப்படும். பேச்சுப் பகுதிகள் பூட்டிய களஞ்சியத்தில் இருக்கும். அக்குடும்பத்தாரைத் தேடிக் கேட்டபின்னரே திறக்கப்படும். இதற்கான விடை எந்தப் பரீட்சைத் தாளிலும் இல்லை. இவ்விணக்கம் சரியானதோ என்று இன்றும் எனக்கு முழு நிச்சயமில்லை.

பெயர்த்த பணியை விரைந்து கூறிவிடலாம். மணிக்கு ஏறத்தாழ இரண்டு கிகாபைற் வீதம் மொத்தம் 650 கிகாபைற். பயிற்சி வினாக்களில் 50 டெராபைற்றை விநாடிக்கு 100 மெகாபிற் இணைப்பில் அனுப்ப எவ்வளவு காலம் செல்லும் என்று கேட்பர், நாற்பத்தாறு நாள். அதனாலே பெட்டியில் அடைத்துக் கொண்டுசெல்வது மேல் என்பது விடையாகும். 2016இல் இந்நிறுவனம் இதற்கென ஒரு பெரும் லொறியையே செய்து காட்டிற்று. பின்னர் அதனைக் கைவிட்டது. எங்கள் சுமை அத்துணை பெரிதன்று. விநாடிக்கு 20 மெகாபிற் வீதம் இடையறாது அனுப்பின் மூன்று நாளிற் கூடும். பகலில் மாணவர்க்கு இணைப்பு வேண்டும் என்பதாலும், இரவில் மின்சாரம் இருமுறை நின்றதாலும் பதினொரு இரவுகள் சென்றன. கணனிக் கூடத்து அண்ணை ஒருவர் ஒவ்வோர் இரவும் என்னுடன் இருந்தார். அவருக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு கிடைக்கவில்லை.

போய்ச் சேர்ந்தது போனதுதானா என்று அறியும் முறை அழகானது. கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் கணித்து அறுபத்து நான்கு குறிகளாலான ஒரு சுருக்கம் பெறுவர். இங்குள்ளதற்கும் அங்குள்ளதற்கும் அச்சுருக்கம் ஒன்றாயிருந்தால் இரண்டும் ஒன்றே. ஒரு துளி வேறுபட்டாலும் சுருக்கம் முற்றாக மாறிவிடும். ஏட்டுப் பிரதிகளிடையே பாடபேதம் பார்க்கும் பதிப்பாசிரியர் வாரக்கணக்காகச் செய்வதை இது சில நொடியிற் செய்கிறது. ஆனால் எப்பாடம் சிறந்தது என்று அது சொல்லாது.

ஒலிக்கோப்புகளுடன் இருந்த எழுத்துப்படிகளில் இந்த அழகு பயன்படவில்லை. அவை பாமினி எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டவை. தொண்ணூறுகளிலும் அதன் பின்னரும் இந்நாட்டில் எழுதப்பட்ட தமிழிற் பெரும்பகுதி அவ்வாறானதே. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை அமர்த்தும் தந்திரம் அது. எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் ‘அம்மா’ என்பது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். சுருக்கம் பொருந்தும், ஒரு பிற்றும் குறையாது, வாசிக்க மாத்திரம் ஒருவராலும் ஆகாது. ஆகவே அவையனைத்தையும் யுனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை மாணவர் நால்வர் ஒலியோடு ஒப்பிட்டுத் திருத்தினர். மூலக் கோப்புகளையும் வைத்திருக்கின்றோம்.

பரீட்சை கொழும்பில் நடந்தது. வினாக்கள் 65, நேரம் 130 நிமிடம். ஆங்கிலம் தாய்மொழியல்லாதார் முன்கூட்டி விண்ணப்பித்தால் 30 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும்; எழுதவிருக்கும் மாணவர் இதனைக் குறித்துக்கொள்க. ஆயிரத்துக்கு 720 புள்ளி எடுத்தால் சித்தி. எடுத்தேன். சான்றிதழ் மூன்றாண்டுக்கே செல்லும். மூன்றாண்டின் பின் மீண்டும் எழுதவேண்டும்.

சித்தியெய்திய அடுத்த மாதம் முழு மீட்புச் சோதனை ஒன்று நடத்தினோம். சேவையகம் எரிந்துவிட்டது எனக் கொண்டு, வெற்றுக் கணனியொன்றில் எல்லாவற்றையும் முகிலிலிருந்து இறக்கி, ஒவ்வொரு கோப்பையும் திறந்து கேட்பது. கேட்பதற்கு மாணவர் பன்னிருவர் வந்தனர். இறக்கியவை யாவும் சுருக்கத்தோடு பொருந்தின. ஆனால் பத்தொன்பது கோப்புகளில் ஒலியில்லை. அவை எங்களிடம் வரும்போதே ஊமையாக வந்தவை. நாடாக்களை எண்முறைக்கு மாற்றிய நிலையம், கோப்புகளின் எண்ணிக்கையைச் சரிபார்த்து, வேலை நிறைவு என்று கடிதம் தந்திருந்தது. அக்கடிதம் கோவையில் ஒழுங்காக இருக்கிறது.

நல்லவேளையாக, நாடாக்களை ‘கழித்துவிடும்’ யோசனையை ஒருவரும் அதுவரை நிறைவேற்றியிருக்கவில்லை. பதினேழு நாடாக்களைப் பழைய ஒலிப்பதிவுக் கருவியொன்றைத் திருத்தி மீளப் பதிவு செய்தோம். எஞ்சிய இரண்டும் பூஞ்சணம் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவை, ஓட்டினால் அறுந்துவிடும். ஒன்றின் உறையில் ‘அம்பா, இரவு’ என்று மாத்திரம் எழுதியிருக்கிறது. மற்றையதின் எழுத்து மங்கிவிட்டது. இரண்டையும் ஈரமுறிஞ்சும் மணிகளோடு காற்றுப் புகாத பெட்டியிலிட்டு, மேல்மாடியில் ஒழுகாத அறையொன்றில் வைத்திருக்கின்றோம். அவ்வாறான நாடாவைப் பிரித்தெடுக்கத் தெரிந்த ஒருவரைச் சென்னையிலும் தேடிக்கொண்டிருக்கின்றோம். இவ்விதழை வாசிப்போரில் எவருக்கேனும் அத்தகையவரைத் தெரிந்திருப்பின், துறை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதுக.